எழுவாய் இல்லாத மனு

மாந்தோப்பு சூழ்ந்த காடொன்றில் பவளமூக்கி என்னும் கிளி அரசு வழக்கறிஞராக இருந்தது. அரசர் சிங்கம் எதைச் சொன்னாலும், ஓர் எழுத்தும் பிசகாமல் மன்றத்தில் ஒப்பித்துவிடும். "கிளிப்பிள்ளை!" என்று காகம் கேலி செய்தால், அதையும் புகழ்ச்சி என்றே எடுத்துக்கொள்ளும்.

ஒரு நாள் சிங்கம் அதை அழைத்தது.

"அணிலின் கூட்டை உடைத்ததாகச் செம்முகக் குரங்கின்மேல் வழக்கு நடக்கிறதே, அதைத் திரும்பப் பெற்றுவிடு!"

"பெற்றுவிடுகிறேன், அரசே!"

"குற்றம் உறுதியானால் அவனைக் காட்டைவிட்டே துரத்திவிடுவார்கள். பிறகு என் பிடரியில் யார் பேன் பார்ப்பது? காரியம் முடியாவிட்டால் உன் பதவி காகத்துக்கு!"

கிளி உடனே சிறகை விரித்தது. மன்றத்துக்கு விரைந்து பறந்தது. அங்கே ஆமை நடுவராக வீற்றிருந்தது. அதற்கு நடை மெதுவென்றாலும் இலக்கணத்தில் கண்டிப்பு மிகுதி.

"செம்முகன்மேல் உள்ள வழக்கு திரும்பப் பெறப்படுகிறது!" என்று முழங்கியது கிளி.

"நில்! மன்றம் இசையாமல் எந்த வழக்கும் திரும்பாது. இசைவு கேட்கும் வாக்கியமாவது ஒழுங்காக இருக்க வேண்டாமா? எழுவாய்?"

கிளி சட்டென்று நிமிர்ந்து நின்றது. "எழுந்துவிட்டேன், ஐயா!"

மன்றமே வயிறு குலுங்கச் சிரித்தது. கூண்டில் நின்ற குரங்குகூடத் தன் கவலையை மறந்து சிரித்தது.

"உன்னை எழச் சொல்லவில்லை, அம்மா! வாக்கியத்தில் எழுவாய் எங்கே என்றேன். திரும்பப் பெறுவது யார்?"

"அரசர்..."

"அரசர் விரும்பலாம், சொல்லியும் அனுப்பலாம். முடிவு செய்ய வேண்டியவர் அரசு வழக்கறிஞர். ஏன் திரும்பப் பெற வேண்டும்?"

"ஏன் திரும்பப் பெற வேண்டும்?" என்று கிளி பழக்கத்தால் ஒப்பித்தது.

"அதைத்தான் நானும் கேட்கிறேன்! உச்சிப்பொழுதுக்குள் எழுவாயோடு வா!"

காகம் தன் இறகுகளைக் கோதி, புதுப் பதவிக்கு அழகு பார்த்துக்கொண்டது.

என்ன சொல்வதென்று சொல்லித்தர ஆளில்லாமல் கிளி தவித்தது. கடைசியில் அணிலின் மாமரத்துக்கே சென்றது.

"அணிலக்கா, கூடு புதிதாக இருக்கிறதே!"

"உடைத்தவனே கட்டிக் கொடுத்தான். ஊஞ்சலாடிய வேகத்தில் கால் பட்டுவிட்டதாம். அது எனக்குப் பிறகுதான் விளங்கிற்று. நேற்று மரமேறிய பாம்பைக் கல்லெறிந்து துரத்தியவனும் அவன்தான். அவன் போய்விட்டால் இந்தத் தோப்பில் எந்தப் பிள்ளைக்கும் காவல் இல்லை!"

"அரசருக்கு அஞ்சிச் சொல்கிறாயோ?"

"நன்றாகக் கேட்டாய்! அஞ்சுபவளாக இருந்தால், அவருக்குப் பேன் பார்ப்பவன்மேல் புகார் கொடுத்திருப்பேனா?"

உச்சிப்பொழுது வந்தது. சிங்கமும் மன்றத்துக்கு வந்துவிட்டது.

"என் ஆணை என்று சொல்!" என்று உறுமியது.

கிளி நடுவர் முன் சென்று நின்றது.

"நான்..." என்று தொடங்கியது. "நான் விசாரித்தேன். உடைந்த கூடு எழுந்துவிட்டது, பகையும் தீர்ந்துவிட்டது. செம்முகன் இருப்பது தோப்புக்கு நன்மை. ஆகவே, நான் இவ்வழக்கைத் திரும்பப் பெற இசைவு வேண்டுகிறேன். இது அரசரின் ஆணை அன்று, ஐயா! காரணம் இல்லாதிருந்தால், அவரே கேட்டாலும் வேண்டியிருக்க மாட்டேன்!"

ஆமை அணிலையும் அழைத்து விசாரித்தது. பிறகு முகம் மலர்ந்தது.

"எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, காரணமும் இருக்கிறது. இசைவு அளித்தேன்!"

குரங்கு கூண்டிலிருந்து குட்டிக்கரணம் போட்டு இறங்கியது. அணிற்பிள்ளைகள் அதன் முதுகில் ஏறிக்கொண்டு ஆரவாரம் செய்தன.

சிங்கத்துக்குக் கோபிக்கவும் வழியில்லை; கேட்டது கிடைத்துவிட்டதே! மெல்லக் கிளியிடம் குனிந்தது.

"அப்படியே என் நண்பன் ஓநாயின் வழக்கையும்..."

"நான் விசாரித்துவிட்டுச் சொல்கிறேன், அரசே!"

கூட்டத்தில் நின்று அதைக் கேட்ட ஓநாய் ஓசைப்படாமல் புதருக்குள் நழுவிற்று.

யார் சொல்லி அனுப்பினாலும், தானே ஆராய்ந்து பொதுநன்மை கண்டு பேசுபவரின் சொல்லுக்கே நீதி இசையும்.