அத்தையார் தலையில் அட்சதை

வெகு காலத்துக்கு முன்னால் குறிஞ்சேரி நாட்டைச் செண்டலங்காரன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி நாள் கோபத்தில் போகும், மீதி நாள் அந்தக் கோபத்துக்கு வருத்தப்படுவதில் போகும். ஆனால் மனிதருக்கு நன்றி உண்டு. தாயும் தகப்பனும் போனபின் தன்னைத் தோளில் போட்டு வளர்த்து, சிம்மாசனத்தைப் பங்காளிகள் கைக்கு விடாமல் காத்துக் கொடுத்த அத்தை உமையாம்பிகை என்றால் அவருக்கு உயிர்.

அந்த அத்தைக்குத் தொண்ணூறு நிறையப் போகிறது. என்ன கொடுப்பது? ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. வருஷா வருஷம் அவர் கொடுப்பதையெல்லாம் அத்தை வாங்கிக்கொண்டு, "நல்லா இருக்கு ராசா" என்பார்; பொழுது சாய்வதற்குள் யாருக்காவது கொடுத்துவிடுவார். பட்டுப் புடவை சமையற்காரி மகளின் கல்யாணத்துக்குப் போயிற்று. முத்து மாலையைப் பால்காரியின் கழுத்தில் ராஜாவே பார்த்தார்.

சபையைக் கூட்டினார். "இந்தத் தடவை அத்தை யாருக்கும் கொடுக்க முடியாத பரிசு வேண்டும். அவர் மனசு குளிர வேண்டும். இன்னும் எத்தனை பிறந்தநாள் வரப்போகிறதோ! சொல்லுங்கள், என்ன செய்யலாம்?"

பொக்கிஷதார் கும்பலிங்கம் எழுந்தார். கஜானா சாவி அவர் இடுப்பில் இருந்தது. கண்ணோ மந்திரி அழகநம்பியின் முத்திரை மோதிரத்தின் மேல் இருந்தது.

"மகாராஜா, நான் தங்கத்தில் ஊஞ்சல் செய்து தருகிறேன். பத்துப் பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. பிறகு எப்படிக் கொடுப்பார்? மந்திரியார் பெரிய புத்திசாலி என்கிறார்களே, அவரும் ஒன்று கொண்டுவரட்டும். தோற்றவர் பதவியை விட்டு இறங்கட்டும்!"

பந்தயம் என்றால் ராஜாவுக்கு வெல்லம். "அப்படியே ஆகட்டும்!" என்று தொடையைத் தட்டினார். தட்டிய கையோடு வருத்தப்பட்டார். அழகநம்பி இல்லாமல் அவருக்கு ஒரு காரியம் ஓடாது. ஆனால் சபையில் விட்ட வார்த்தையை எப்படி விழுங்குவது?

மந்திரி பதறவில்லை. "கொஞ்ச நாள் விடுப்பும் ஒரு மாட்டு வண்டியும் கொடுங்கள், போதும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிறந்தநாளும் வந்தது. சபை முழுக்க வரிசையில் வந்து அத்தை காலில் விழுந்து அட்சதை வாங்கிக்கொண்டது. பிறகு கும்பலிங்கம் அத்தையை ஊஞ்சலில் உட்கார வைத்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே ஆட்டினார்.

"நிறுத்துப்பா, தலை சுத்துது!" என்று அத்தை இறங்கிவிட்டார். "நல்லா இருக்கு. இதை வித்து வடக்குத் தெருக் குளத்துக்குப் படி கட்டச் சொல்லுங்க. பொம்பளைங்க வழுக்கி விழறாங்க."

கும்பலிங்கத்தின் முகம் சுண்டிப்போயிற்று. அதற்குள் வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. மந்திரி ஒரு கிழவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, அத்தைக்கு எதிரே ஆசனத்தில் உட்கார வைத்தார். எல்லைக் கிராமத்து ஆட்டுக்காரர் சடையாண்டி.

"பரிசு எங்கே?" என்றார் ராஜா.

"இவர்தான் மகாராஜா."

கும்பலிங்கத்துக்கு உயிர் திரும்பியது. "பார்த்தீர்களா! கழற்றச் சொல்லுங்கள் மோதிரத்தை!"

கிழவர் அதைக் காதில் வாங்கவில்லை. அத்தையை ஏற இறங்கப் பார்த்து, "உனக்கு என்ன வயசாச்சு, பிள்ளே?" என்றார்.



"தொண்ணூறு" என்றார் அத்தை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

"அட, சின்னப் பிள்ளை! எனக்கு நூறு தாண்டி நாளாச்சு."

"அதற்கு யார் சாட்சி?" என்று கும்பலிங்கம் குறுக்கே பாய்ந்தார்.

"சாட்சி சொல்ற வயசுக்காரன் ஒருத்தன் உயிரோட இருந்தா, நான் ஏன்யா தனியா தாயம் ஆடிக்கிட்டிருக்கேன்?"

அத்தை எழுந்தார். முந்தானையைப் போர்த்திக்கொண்டு, ஊன்றுகோலை ஓரமாக வைத்துவிட்டுக் குனிந்தார்.

"ஐயையோ! ராஜகுலத்துத் தலை, ஆட்டுக்காரன் காலிலா?" என்று கும்பலிங்கம் அலறினார்.

"பிறந்தநாளும் என்னுது, தலையும் என்னுது. நீ சும்மா இரு" என்று சொல்லி அத்தை கிழவரின் காலைத் தொட்டார்.

சடையாண்டி அட்சதையை அவர் தலையில் போட்டு, கையை எடுக்காமலே சொன்னார். "நல்லா இரு தாயி. பல்லு போனா போவுது, சிரிப்பு போவக் கூடாது. நூறு வயசு இருன்னு எவனாவது சொன்னா ஒத்துக்காதே, உனக்கு நஷ்டம். என்னை மாதிரி தாண்டிப் போ."

அத்தை சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து வழிந்தது. ராஜா தன் ஆயுளில் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"நம்பி, இது உமக்கு எப்படித் தெரிந்தது?"

"போன வருஷம் எல்லோருக்கும் ஆசி சொல்லி முடித்தபின், தட்டில் மிஞ்சின அரிசியை அம்மா தன் தலையில் தானே போட்டுக்கொண்டார், மகாராஜா."

ராஜாவும் அதைப் பார்த்திருந்தார். கையில் ஒட்டிய மஞ்சளைத் துடைக்கிறார் என்று நினைத்திருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்ன, அத்தையின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உங்ககிட்ட வாங்கிக்கிட்டே இருந்தேனே அத்தை. நான் உயிரோட இருக்கிறதே நீங்க கொடுத்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"யாரைக் கேப்பேன் ராசா? பெரியவங்க எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்களே."

"இதையும் யாருக்காவது கொடுத்துடுவீங்களா?"

"போடா! இதைத் தரமாட்டேன்" என்று அத்தை தலையைக் கையால் மூடிக்கொண்டார்.

சபை ஆரவாரித்தது. கும்பலிங்கம் சாவியைக் கழற்றினார். "பதவி இருக்கட்டும் மகாராஜா, குளத்துப் படிக்குக் கல் மட்டும் சுமக்கட்டும்" என்று மந்திரி சிபாரிசு செய்ய, ராஜா சிரித்துச் சம்மதித்தார். தன் கழுத்து மாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். பிறகு கிழவர் காலில் தானும் விழுந்து எழுந்தார்.

"ஐயா, உங்களுக்கு நான் என்ன கொடுக்கட்டும்? நாடே வேண்டுமானாலும் கேளுங்கள்."

"நாட்டை வச்சு நான் என்ன பண்ண? கண்ணு மங்கினதும் ஆட்டைப் பிடுங்கிக்கிட்டு உக்கார வச்சுட்டாங்க. எதுக்கு இன்னும் இருக்கோம்னு தெரியாமலே இருந்தேன் ராசா." சடையாண்டி அத்தையின் பக்கம் திரும்பினார். "இப்பத் தெரிஞ்சுபோச்சு. அடுத்த வருஷம் இந்தப் பிள்ளைக்கு ஆசீர்வாதம் பண்ண ஆள் வேணுமில்லே? நான் இருந்துதானே ஆகணும். நீ வண்டியை மட்டும் மறக்காம அனுப்பிடு."