அழித்த ஒரு சொல்

மே மாத வெயிலில் பாளையங்கோட்டைக் கல்லூரியின் கணிதத் துறையில் ஒரே ஓர் அறை மட்டும் திறந்திருந்தது. விடுமுறையிலும் ஊருக்குப் போகாமல் அங்கே ஆராய்ச்சிக் கட்டுரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள் டெல்பின் மிஸ். வயது இருபத்தேழு. அவளிடம் பாடம் கேட்க வந்த செண்பகவடிவுக்கு முப்பத்தாறு.

வடிவு பி.எஸ்சி. கணிதம் முடித்த கையோடு கல்யாணமாகிப் போனவள். இத்தனை வருஷம் கழித்து எம்.எஸ்சி.க்கு இடம் கேட்டிருந்தாள். துறைத்தலைவர் யோசித்து ஒரு நிபந்தனை போட்டார். ஜூனில் வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் அவர் எதிரில் கரும்பலகை அருகே நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். சொன்னால் இடம் அவளுக்கு. இல்லாவிட்டால் வேறொருவருக்கு. இன்னொரு வருஷம் காத்திருக்க அவள் வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லை. அவளுக்கே இல்லை.

"புஸ்தகம் பூரா ஒப்பிச்சிருவேன் மிஸ்," என்றாள் வடிவு முதல் நாளே. "எங்க வீட்டுக்காரரு புஸ்தகத்த வச்சிக்கிட்டு கேள்வி கேப்பாரு. இப்ப நான் திக்குனா அவரே எடுத்துக் குடுக்காரு."

"அவர் என்ன பண்றார்க்கா?"

"டீத்தூள் வியாபாரம்."

"அப்ப அவரையும் எம்.எஸ்சி.ல சேத்துரலாம்."

டெல்பின் எழுந்து பலகையில் ஒரு தேற்றம் எழுதினாள். 'மூடிய இடைவெளியில் தொடர்ச்சியாக உள்ள சார்பு வரம்புக்கு உட்பட்டது.' எழுதிவிட்டு, வடிவு பார்த்துக்கொண்டிருக்கும்போதே 'மூடிய' என்ற சொல்லை விரலால் அழித்தாள்.

"இப்ப நிரூபிங்க."

தெரிந்த தேற்றம். வடிவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மளமளவென்று எழுதினாள். பரீட்சையில் செய்வதுபோலவே கடைசி வரியைச் சுற்றி ஒரு கட்டமும் போட்டாள்.

"கையெழுத்து நல்லாருக்கு. ஒரு வரிகூட விடல," என்றாள் டெல்பின்.

"அப்ப சரிதானே மிஸ்?"

"நீங்க நிரூபிச்சது பொய்யிக்கா."

வடிவு பலகையைப் பார்த்தாள்.

"மூடிய இடைவெளின்னா ரெண்டு ஓரமும் சேர்ந்தது. அந்தச் சொல்லத்தான் அழிச்சிட்டேனே. இப்ப பூஜ்யத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல நில்லுங்க, பூஜ்யத்த மட்டும் தொடாம. ஒண்ண எக்ஸால வகுங்க. எக்ஸ் அரைன்னா?"

"ரெண்டு."

"நூறுல ஒரு பங்குன்னா?"

"நூறு."

"லட்சத்துல ஒரு பங்கு?"

'லட்சம்' என்று வாய்க்குள் சொன்னாள் வடிவு. அது ஏறிக்கொண்டே போகும், நிற்காது. வரம்பு உண்டு என்று அவள் எழுதிய நிரூபணம் கட்டம் கட்டிக்கொண்டு பலகையில் அப்படியே இருந்தது.

"எந்த வரி தப்பு மிஸ்?"

"அதக் கண்டுபிடிச்சிட்டு வாங்க."

அந்த வாரம் முழுக்க ஆயிற்று. இந்தக் கேள்விக்கு வீட்டுக்காரரால் எடுத்துக்கொடுக்க முடியவில்லை. ஒரு நாள் காலையில் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"புள்ளிகள் நெருங்கிப் போய்ச் சேருத இடம் இடைவெளிக்குள்ளதான் இருக்கும்னு ஒரு வரி வருது மிஸ். பூஜ்யம்தான் உள்ள இல்லியே! அங்கதான் விழுது!"

டெல்பின் சிரித்தாள். "அடுத்த தேற்றம். நீங்களே ஒரு சொல்ல அழிங்க."

வெயில் ஏறியது. புத்தகம் நகர மறுத்தது. ஒரு தேற்றத்தில் ஒரு சொல்லை அழித்தால் இரண்டு நாள் போனது. மாதக் கடைசியில் வடிவு பொறுமை இழந்தாள்.

"இந்த வேகத்துல போனா பாதிப் புஸ்தகம்கூடத் தாண்டாது. மனப்பாடம் பண்ணியிருந்தா இந்நேரம் ரெண்டு தடவ முடிச்சிருப்பேன். துறைத்தலைவரு நான் படிக்காததக் கேட்டா?"

"கேப்பார்."

"நான் என்ன செய்ய?"

டெல்பின் மேஜைமேல் இருந்த டஸ்டரை எடுத்து நீட்டினாள். "இத எடுத்துட்டுப் போங்க."

வடிவுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பையெல்லாம் சுண்ணாம்புத் தூள் ஆனது.

தேர்வு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. டெல்பினுக்கு அன்று காலையிலிருந்து கட்டுரையில் ஒரு வரி ஓடவில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரம் கழிந்து வெகுநேரத்துக்கு அப்புறம்தான் வடிவு வந்தாள். கையிலும் புடவையிலும் சாக்பீஸ் தூள்.

"படிக்காததத்தான் கேட்டாரு மிஸ். பேருகூடக் கேள்விப்பட்டதில்ல."

"என்ன சொன்னீங்க?"

"தெரியாதுன்னுட்டேன். தேற்றத்த மட்டும் எழுதித் தாங்க சார்னேன். எழுதினாரு. நான் அதுல ஒரு சொல்ல அழிச்சிட்டேன்."

"துறைத்தலைவர் எழுதினதையா?"

"ஆமா. இது இல்லாட்டி என்ன சார் ஆவும்னு கேட்டேன். பலகையத் திரும்பிப் பாத்தாரு. பெறவு அவரும் சாக்பீஸ எடுத்தாரு. நான் ஒரு உதாரணம் சொன்னேன், அது நிக்கல. அவரு ஒண்ணு சொன்னாரு, அதுவும் நிக்கல. பலகையே நெறஞ்சு போச்சு. அவரு சாப்பாட்டுக்குக்கூடப் போவல."

"கடைசில?"

"விடை இன்னும் வரல. 'இத அழிச்சிராதம்மா, திங்கட்கிழமை வா, மேக்கொண்டு பாப்போம்'னுட்டுப் போயிட்டாரு."

வடிவு பெஞ்சில் உட்கார்ந்தாள். பைக்குள் கைவிட்டு டஸ்டரை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"நான் ஒரு கிறுக்கி மிஸ். கணக்கு நெனப்புலயே நின்னுட்டேன். இடம் உண்டா இல்லியான்னு கேக்கவே மறந்துட்டேன்."

டெல்பின் டஸ்டரை அவள் பக்கமே தள்ளி வைத்தாள்.

"திங்கட்கிழமைதானேக்கா வகுப்பு தொடங்குது?"