மேடைக்கு முன்னால் நின்ற யானை

தாமரைக் குளக்கரையில் ஒரு முள்ளம்பன்றி கிழங்குக் கடை வைத்திருந்தது. கிழங்கு நல்ல கிழங்குதான். ஆனால் வெறும் கிழங்கை எத்தனை நாள்தான் தின்பது? வியாபாரம் படுத்துவிட்டது. கடையை மூடினால் முள்ளம்பன்றியின் குட்டிகள் பட்டினி.

பக்கத்தில் ஒரு தேன்கடை வந்தால்? கிழங்கைத் தேனில் தொட்டுத் தின்னக் காடே திரண்டு வருமே! உடனே முள்ளம்பன்றி, மலைக்கு அந்தப் பக்கம் இருந்த தேன் வியாபாரி கரடியிடம் ஓடியது.

"அண்ணாச்சி, எங்க குளக்கரையில ஒரு கடை போடுங்க!"

"போடலாம் தம்பி. ஆனா நடுவுல ஓடை இருக்கே! முயலும் அணிலும் எப்படித் தாண்டி வரும்?"

"அதுக்குத்தான் யானையக்கா இருக்காங்களே! தினமும் காலையில அடிவாரத்துக்கு வந்து, எல்லாரையும் முதுகுல ஏத்திக் கொண்டாந்து விட்டுருவாங்க."

"அப்படியா? வெள்ளிக்கிழமை நானும் அதுலயே வர்றேன். பக்கத்துக் காட்டுலயும் கூப்பிட்டிருக்காங்க. உங்க யானையைப் பார்த்துட்டு முடிவு சொல்றேன்."

முள்ளம்பன்றிக்குத் தலைகால் புரியவில்லை. அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நேராகப் போய்க் காட்டு மன்றத் தலைவர் நரியிடம் சொல்லிவிட்டது!

உடனே மன்றம் கூடியது. மன்றம் என்றால் நரி, எருமை, குரங்கு.

"மேடை போடணும்!" என்றது எருமை.

"மேளம் நான் அடிப்பேன்!" என்றது குரங்கு.

"யானைக்கு நெத்திப்பட்டம் கட்டி மேடைக்கு முன்னால நிறுத்துங்க!" என்றது நரி.

முள்ளம்பன்றி பதறிப்போனது. "தலைவரே! அண்ணாச்சி அந்த யானையிலதான் வர்றேன்னாரு!"

"போடா! அவ்வளவு பெரிய வியாபாரி, முயலோட முட்டி மோதி ஏறி வருவாரா? பேச்சுக்குச் சொல்லியிருப்பாரு!"

யானைக்கும் மனசு கேட்கவில்லை. "அடிவாரத்துல எல்லாரும் காத்துக்கிட்டு நிப்பாங்களே, தலைவரே?"

"ஒரு நாள் பொறுத்துக்கட்டும்! காட்டோட வளர்ச்சிக்கு இதுகூடச் செய்யக்கூடாதா?"

வளர்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் யானை அடங்கிவிட்டது. அந்தச் சொல்லை எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்?

வெள்ளிக்கிழமை வந்தது. குளக்கரையில் நரி மாலையோடு கரடிக்காகக் காத்திருந்தது. அடிவாரத்தில் கரடி, வரிசையில் நின்று யானைக்காகக் காத்திருந்தது. வெயில் ஏறியது. கரடியும் வரவில்லை, யானையும் வரவில்லை.

"யானை எப்பம்மா வரும்?" என்று முன்னால் நின்ற முயலிடம் கேட்டது கரடி.

"இன்னைக்கு வராது போல. யாரோ பெரிய ஆளு வர்றாராம், யானையை அங்க நிறுத்திட்டாங்களாம். அந்த ஆளு நல்லா இருப்பாரா?"

கரடி தலையைக் குனிந்துகொண்டது.

உச்சிவேளையில் கரடி தானே ஓடையில் இறங்கி, சொட்டச் சொட்ட நனைந்து குளக்கரைக்கு வந்தது. குரங்கு மேளத்தை விளாசியது. நரி மாலையோடு ஓடி வந்தது.

"யானை எங்க?" என்றது கரடி.

"இதோ, உங்களுக்காகவே ஜோடிச்சு நிறுத்தியிருக்கோம்!"

"சரி. வாங்குற ஜனம் எங்க?"

நரி திரும்பிப் பார்த்தது. கடைத்தெருவில் முள்ளம்பன்றியைத் தவிர ஓர் ஈ காக்கை இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் குரங்கு மேளத்தை இன்னொரு தட்டு தட்டியது.

"ஒரு நாள்தானே அண்ணாச்சி..." என்று இழுத்தது நரி.

"இன்னைக்கு எனக்காக நிறுத்துனீங்க. நாளைக்கு இன்னொருத்தருக்காக நிறுத்துவீங்க. அன்னைக்கெல்லாம் என் தேனை நானே நக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கவா?"

கரடி பக்கத்துக் காட்டில் கடை போட்டது. அங்கே மழையானாலும் விழாவானாலும் யானை வரும். முள்ளம்பன்றி அழுதுகொண்டே கடையைக் காலி செய்தது. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தேன்கடைக்குப் பக்கத்திலேயே கிழங்கை அடுக்கியது. கூட்டம் தாங்கவில்லை!

ஒரு நாள் நரிக்கே தேன் ஆசை வந்தது. பக்கத்துக் காட்டுக்குப் போய், குடம் நிறைய வாங்கிக்கொண்டு அடிவாரத்தில் வந்து நின்றது. தேன்குடத்தோடு ஓடையில் இறங்க முடியுமா? நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. குடத்தைச் சுற்றி எறும்பு வரிசை கட்டியது.

"யானை ஏன் இன்னும் வரல?" என்று கத்தியது.

முன்னால் நின்ற அதே முயல் திரும்பிப் பார்த்தது. "வராது தலைவரே. கரடி அண்ணாச்சியைத் திரும்பக் கூப்பிட விழா நடத்துறாங்களே, அதுக்கு இன்னைக்கு ஒத்திகை. உத்தரவு போட்டது நீங்கதானே!"

நாலு பேர் ஏறும் வாகனத்தை ஒருவரை வரவேற்க நிறுத்தினால், வர நினைத்தவரும் வரமாட்டார், இருந்தவரும் இருக்கமாட்டார்.