யாருடைய மழை

சேத்தூர்க்காரர்களின் வறண்ட ஊரணி ஒரே மழையில் நிரம்பியது. மறுவாரமே, மேகத்தில் மருந்து தூவும் முறைக்குக் காப்புரிமை வாங்கிய கம்பெனியின் மேலாளர் தயாளன், தாசில்தாரோடு வந்து ஊரைக் கூட்டினார்.

"இது நாங்க பெய்ய வச்ச மழை. எங்களைக் கேக்காம யாரும் ஒரு குடம்கூட மொள்ளக் கூடாது" என்றார்.

ஆடு மேய்க்கும் முத்துராக்கு எழுந்தாள். "அன்னைக்குப் பேஞ்சது பூரா உங்க மழைதானாய்யா?"

"ஒவ்வொரு சொட்டும்."

"அப்ப தாசில்தார் ஐயா அதை எழுதிக்கிடட்டும். அந்த மழையில வந்த வெள்ளந்தான் என் வீட்டுக்காரரை அடிச்சுக்கிட்டுப் போச்சு."

"எழுதிக்கொள்ளவா?" என்று தாசில்தார் மேலாளரைப் பார்த்தார்.

தயாளன் அவசரமாகக் கையை ஆட்டித் தடுத்தார். "வெள்ளம் வந்தது இயற்கையா பேஞ்ச மழையாலம்மா. அதுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை."

"ரெண்டும் இந்த ஊரணியிலதான் கிடக்கு. உங்க தண்ணியை மட்டும் பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போங்க. அவரைக் கொன்ன தண்ணியை நாங்க வச்சுக்கிறோம்."

யாரும் சிரிக்கவில்லை. கம்பெனி வண்டி அன்று போனதுதான், திரும்பவில்லை. சாயங்காலம் ஊரே குடத்தோடு ஊரணியில் இறங்கியது. முத்துராக்கு மட்டும் தன் குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஊர்க் குழாயடிக்கு நடந்தாள்.