ராஜா கையில் வாட்ச் இல்லை

ஆவுடையப்பன், சங்கரலிங்கம், கோமதிநாயகம் என்று அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை என்று சொன்னால் அந்த மூளை கோபித்துக்கொள்ளும். இருந்தாலும் ஒரு சினிமாக் கம்பெனியின் உடைகள் மொத்தமும் அவர்கள் பொறுப்பில்தான் இருந்தன. மிளகாய் வற்றல் மில்லில் பணம் பார்த்துவிட்டுப் படம் எடுக்க வந்த முதலாளி செந்தட்டிக்காளைக்கு மூவரும் மச்சினன்மார். மச்சினனை வேலையை விட்டு எடுத்துவிட்டு வீட்டில் நிம்மதியாகச் சோறு தின்ன முடியுமா?

டைரக்டர் வைத்தியலிங்கம்தான் பாவம். அவருடைய போன ராஜா படத்தில் ஒரு விபரீதம் நடந்துவிட்டது. கதாநாயகன் திலீபராஜுக்கு வயிற்றில் அல்சர். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் எரியும். அதனால் வாய் பாட்டுக்கு வசனம் பேசும், கண் பாட்டுக்கு மணி பார்க்கும். "நாளை விடியலில் போர்" என்று கர்ஜித்த கையோடு, இடது கையைத் திருப்பி வாட்சைப் பார்த்துவிட்டார். படம் சோகப் படம். தியேட்டரில் ஒருவர்கூட அழவில்லை, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்க வீட்டுக்குப் போனார்கள். அதற்கப்புறம் வைத்தியலிங்கம் கத்தரிக்காய் வாங்கப் போனால்கூடக் கடைக்காரர், "சார், உங்க ராஜாகிட்ட மணி என்னன்னு கேட்டுச் சொல்லுங்களேன்" என்பார்.

முதலாளி இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்.

"அதே ஹீரோ, அதே டைரக்டர். ஆனா படத்துல ஒரு வாட்ச் தெரிஞ்சுது, நீரு நேரா நம்ம மில்லுக்கு வந்து வத்தல் அரைக்க வேண்டியதுதான்."

வைத்தியலிங்கத்துக்கு மிளகாய் நெடி ஆகாது. பக்கத்து வீட்டில் தாளித்தாலே தும்முவார். அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து மிளகாய் இல்லாமலே தும்ம ஆரம்பித்தார்.

போர்க் காட்சிக்கு யானை ஏற்பாடாகியிருந்தது. டைரக்டர் மூவரையும் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார்.

"ராஜா உடம்புல, படை உடம்புல, அந்தக் காலத்துல இல்லாத பொருள் ஒண்ணுகூட இருக்கக் கூடாது. ஷூட்டிங்ல யார்கிட்ட வாட்ச் இருந்தாலும் கழட்டி வாங்கி, உங்ககிட்டயே பத்திரமா வெச்சுக்குங்க."

"ஆகட்டும் சார்" என்றார்கள் மூவரும். அப்போதே ஓடியிருக்கலாம் அந்த மனுஷன்.

முதலில் வாட்சுகளை வாங்கினார்கள். கேமராமேன், லைட்மேன், சமையல்காரர், யானைப் பாகன், யாரையும் விடவில்லை. பெட்டியில் வைத்தால் பெட்டியோடு போய்விடும் என்று ஆவுடையப்பன் எல்லாவற்றையும் தன் கைகளிலேயே கட்டிக்கொண்டார். மணிக்கட்டில் ஆரம்பித்து முழங்கை தாண்டிப் போயிற்று. கையை மடக்க முடியாமல் சங்கரலிங்கம்தான் அவருக்கு இட்லி ஊட்டினான்.

அடுத்தது உடைகள். மூவரும் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"ஊக்கு அந்தக் காலத்துல கிடையாதுண்ணே" என்றான் சங்கரலிங்கம்.

"பிடுங்கு."

"கொக்கியும் எலாஸ்டிக்கும்?"

"அதையும் பிடுங்கு."

"முடிச்சு இருந்துச்சாண்ணே?" என்று கேட்டான் கோமதிநாயகம்.

மூவரும் குனிந்து ராஜா வேட்டியின் முடிச்சை உற்றுப் பார்த்தார்கள்.

"முடிச்சை யாரு கண்டுபிடிச்சான்னு உனக்குத் தெரியுமாலே?" என்றார் ஆவுடையப்பன்.

"தெரியாதுண்ணே."

"தெரியாத ஆளை நம்பி ராஜா வேட்டியைக் குடுக்க முடியாது. அவுத்துரு."

"அப்ப வேட்டி எப்படி நிக்கும்?"

"கை அந்தக் காலத்துல இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணே. கோயில் சிலையிலயே இருக்கே."

"பொறவு என்ன, கையால பிடி."

வீரர்களிடம் கேடயத்தை வாங்கிவிட்டு, ஒரு கையில் வாள், ஒரு கையில் வேட்டி என்று நிற்க வைத்தார்கள். ராஜாவுக்குத்தான் சிக்கல். அவர் ஒரு கையில் வாளும் மறு கையில் கொடியும் பிடிக்க வேண்டும். அதனால் அவருடைய வேட்டியை அண்ணன் தம்பிகள் மூவருமே பிடித்துக்கொள்வதாக முடிவாயிற்று. இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், பின்னால் ஒருவர். தங்களுக்கு வேஷம் போட அவர்களுக்குத் தோன்றவில்லை. டைரக்டர் சொன்னது ராஜாவையும் படையையும் பற்றித்தானே? கட்டம் போட்ட லுங்கியோடு போய் நின்றார்கள்.

திலீபராஜ் கண்ணில் கான்டாக்ட் லென்ஸ் வைத்திருந்தார். அதையும் எடுத்துவிட்டார்கள். ராஜாவுக்கு இரண்டடிக்கு மேல் எல்லாம் புகையாகத் தெரிந்தது. எதிரிப் படையைப் பார்த்து, "என் வீரச் சிங்கங்களே" என்று கண்கலங்கினார். எதிரிப் படைக்குப் பெருமையாக இருந்தது. கைதட்டலாம் என்று பார்த்தால் கையில் வேட்டி இருந்தது. தலையை மட்டும் ஆட்டினார்கள்.

இதெல்லாம் டைரக்டருக்குத் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். அவர் தூரத்தில் ஒரு மேட்டில் நின்று பைனாகுலர் வழியாக ராஜாவின் மணிக்கட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். காட்சி முடியும்வரை அதைவிட்டு அவர் கண் நகரவில்லை. கேமராமேனோ, லுங்கி ஆட்கள் டைரக்டர் சொல்லித்தான் நிற்கிறார்கள் என்று நினைத்தார்.

எடுத்ததை முதலாளிக்குப் போட்டுக் காட்டினார்கள். திரையில் ராஜா கையைத் தூக்கினார். வெறும் மணிக்கட்டு. வைத்தியலிங்கம் சந்தோஷத்தில் நாற்காலியை விட்டுத் துள்ளினார்.

"பாத்தீங்களா முதலாளி?"

"பாத்தேன். பின்னாடி வேட்டியப் பிடிச்சுக்கிட்டு, கை பூரா வாட்ச் கட்டிக்கிட்டு நிக்கிறது யாருய்யா?"

"நான்தான் அத்தான்" என்றார் ஆவுடையப்பன், இருட்டிலிருந்து.

முதலாளி எழுந்து நின்றார். மச்சினனை ஒன்றும் சொல்ல முடியாது, அதனால் டைரக்டரைப் பார்த்தார். "நாளைக்கும் யானை இருக்கு. நானும் வந்து உம்ம பக்கத்துலயே நிக்கேன். சரியா வரலைன்னா அப்படியே கார்ல ஏறும், மில்லுக்குப் போயிருவோம்."

அவர் போனதும் வைத்தியலிங்கம் மூவரின் கையையும் பிடித்துக்கொண்டார். திட்டக்கூட அவருக்குத் தெம்பில்லை, அழுதுவிட்டார்.

"ஐயா, உங்களைக் கும்புடுறேன். அத்தனை பேருக்கு நடுவுல வாட்ச் கட்டின ஒருத்தன் மட்டும் தனியாத் தெரியறான். நாளைக்கு அப்படித் தனியா யாரும் தெரியக் கூடாது. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

மூவருக்கும் மனசு உருகிவிட்டது. நல்ல மனுஷன், அழ வைத்துவிட்டோமே என்று உட்கார்ந்து யோசித்தார்கள்.

"வாட்ச் கட்டினவன் ஏன் தனியாத் தெரியறான்?" என்றார் ஆவுடையப்பன்.

"மத்தவன் கட்டலல்லா, அதான்" என்றான் சங்கரலிங்கம்.

"எல்லாரும் கட்டிட்டா?"

"தெரியவே மாட்டான்ணே."

இவ்வளவு சுலபமான விஷயத்துக்கா டைரக்டர் அழுதார் என்று மூவரும் ஆச்சரியப்பட்டார்கள். வாங்கி வைத்த வாட்சுகள் படைக்குப் போதவில்லை. பிளாட்பாரக் கடையில் மிச்சத்தை வாங்கி, இரண்டு படைக்கும் பாரபட்சம் இல்லாமல் கட்டிவிட்டார்கள். தாங்களும் வீரர் உடை போட்டுக்கொண்டு ஆளுக்கு ஒன்று கட்டிக்கொண்டார்கள்.

"அண்ணே, இப்ப யானை தனியாத் தெரியுதே" என்றான் கோமதிநாயகம்.

ஆவுடையப்பன் பின்னால் தள்ளிப் போய், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். தம்பி சொன்னது சரிதான். கம்பெனி ஆபீஸ் சுவரில் இருந்த பெரிய கடிகாரத்தைக் கழற்றி வந்து யானையின் நெற்றியில் கட்டினார்கள்.

"ராஜாவுக்கும் ஒண்ணு கட்டிரட்டுமா?"

"மடையா, படைக்குத்தான் பேச்சை மாத்தினாரு, ராஜா மேல கூடாதுன்னு முதல் நாளே சொன்னதை மாத்தலல்லா. டைரக்டர் பேச்சை மீறலாமா?"

கேமரா ஓடியது. மேட்டின் மேல் வைத்தியலிங்கம் பைனாகுலரை ராஜாவின் மணிக்கட்டில் நிறுத்தினார். பக்கத்தில் முதலாளி நின்றார். ராஜா சபதம் செய்தார், கொடியைத் தூக்கினார். மணிக்கட்டு பளிச்சென்று வெறுமையாக இருந்தது.

"கையில ஒண்ணுமே இல்ல முதலாளி" என்றார் வைத்தியலிங்கம். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. முதலாளி வாயைத் திறந்தவர் மூடவில்லை.

வசனம் முடிந்தது. திலீபராஜுக்கு வயிறு எரிந்தது. பழக்கத்தில் இடது கையைத் திருப்பினார், அங்கே ஒன்றும் இல்லை. சுற்றிலும் பார்த்தார், எல்லாம் புகையாக இருந்தது. அந்தப் புகையில் வட்டமாக, வெள்ளையாக ஏதோ ஒன்று தெரிந்தது. ராஜா யானையை நோக்கி நடந்தார். வேட்டியை விடாமல் மூவரும் கூடவே நடந்தார்கள். பாகன் யானையைத் தலை தாழ்த்தச் செய்ய, ராஜா எக்கி நின்று, அதன் நெற்றிக் கடிகாரத்தில் மூக்கை வைத்து, முள்ளை உற்றுப் பார்த்தார்.

"இன்னும் ஒரு மணி ஆகலையா?"

ஆவுடையப்பன் தன் கையைப் பார்த்துவிட்டு மரியாதையாகச் சொன்னார்.

"ஆயிட்டு மகாராஜா. யானை பத்து நிமிஷம் ஸ்லோ."

மேட்டின் மேல் யாரோ அடுக்கடுக்காகத் தும்மும் சத்தம் கேட்டது.