வக்கீலம்மா கேட்ட சவாரி

கோர்ட் வாசல் டீக்கடையில் யாரோ சொன்னது வேதமாணிக்கத்தின் காதில் விழுந்தது.

"உலகம்மை வக்கீல்கிட்ட போனா போதும்வே. குடிச்சதும் குடிக்காததா ஆயிரும்."

சொன்னவர் இவரைப் பார்க்கவில்லை. கூட நின்றவர் சிரித்தார். வேதமாணிக்கம் கையிலிருந்த வடையைக் கடிக்காமல் தாளில் மடித்துக்கொண்டு எழுந்தார்.

அவர் உலகம்மையின் ஜூனியர். தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கறுப்புக் கோட்டு போட்டவர். சீனியருக்கு வயது நாற்பதைத் தாண்டவில்லை. அவர் இவரை "அண்ணாச்சி" என்பார். இவர் அவரை "மேடம்" என்பார்.

அன்று கொம்பையாவின் வழக்கு. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பைக்கில் வரும்போது போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னது. மெஷின் கத்தியது. தண்டனை வந்தால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் வேன் போகும். தீர்ப்பு வரட்டும் என்று பள்ளிக்கூடத்தில் அவனை வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார்கள்.

வராந்தாவில் வேதமாணிக்கம் கேட்டார்.

"மேடம், கொம்பையா அன்னைக்கு நிஜமாவே குடிச்சிருந்தானா?"

"நான் கேக்கல அண்ணாச்சி."

"கேக்காம எப்படி வாதாடுறது?"

"கேக்க வேண்டியதை எஸ்.ஐ.கிட்ட கேக்கலாம். வாங்க."

எஸ்.ஐ. சாட்சிக் கூண்டில் ஏறினார். நேர்மையான மனிதர், உலகம்மையைப் பார்த்து வணக்கம் வைத்தார்.

"கொம்பையாவை ஊதச் சொன்னப்ப மெஷினுக்குப் புதுக் குழாய் மாத்தினீங்களா?"

"குழாய் தீர்ந்துபோச்சும்மா."

"அப்போ எதுல ஊதினார்?"

"அவருக்கு முன்னால ஊதினவரோட குழாயிலதான்."

"முன்னால ஊதினவர் குடிச்சிருந்தாரா?"

"நிக்கவே முடியலம்மா அவரால."

கோர்ட் சிரித்தது. மாஜிஸ்திரேட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எடுத்தார்.

"கொம்பையாவை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"ஆஸ்பத்திரியில கூட்டம்மா. போகல."

மதியத்துக்குள் கொம்பையா விடுதலை.

அவன் ஒரு கட்டு பனங்கிழங்கைத் தூக்கிக்கொண்டு உலகம்மையும் வேதமாணிக்கமும் இருந்த அறைக்கு வந்தான். மேசைமேல் வைக்கத் தயங்கி, தரையில் வைத்தான்.

"ஊர்லேருந்து எடுத்துட்டு வந்தது. உங்களாலதாம்மா எங்க வீட்டுல இன்னைக்கு எல்லாரும் நிம்மதியா சாப்பிடப்போறோம். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"கிழங்கு போதும் கொம்பையா. நிறைய இருக்கே."

குமாஸ்தா மூக்கையா கதவருகிலிருந்து சொன்னார்.

"கிழங்கோட விட்ருவாங்கன்னு நினைக்காதடே. அம்மா இனி உன் பைக்ல ஏறி உக்காருவாங்க."

அது அந்தக் கோர்ட்டில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். இந்த மாதிரி வழக்கில் யாரை விடுவித்தாலும், உலகம்மை அவருடைய வண்டியில்தான் அன்று வீடு போவார். ஆட்டோ என்றால் ஆட்டோ, பைக் என்றால் பைக். ஒருமுறை செங்கல் லாரியில் போனார். ஆட்டோக் காசை மிச்சம் பிடிக்கிறார் என்று மற்ற வக்கீல்கள் கேலி பேசினார்கள். வேதமாணிக்கமும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

உலகம்மை எழவில்லை.

கொம்பையா குரலைத் தாழ்த்தினான். "அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு மச்சான் வீட்டு விசேஷத்துல நான்..."

"வேண்டாம். அந்தக் கேஸ் முடிஞ்சுபோச்சு. உங்க ஸ்கூல்லதான் என் பொண்ணு சாரல் மூணாவது படிக்கிறா. தெரியுமா?"

"தெரியாதும்மா."

"இதுவரைக்கும் நான் ஸ்கூட்டர்ல கொண்டு விட்டேன். நாளையிலேருந்து உன் வேன்ல வருவா."

கொம்பையா கையிலிருந்த பைக் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பாப்பாவையாம்மா?"

"ஏன், இடம் இல்லையா?"

"இருக்கும்மா." சாவியைச் சட்டைப் பையில் போட்டான். "எனக்கு நேர் பின் சீட்டுல உக்கார வச்சுக்கிடுதேன்."

அவன் கும்பிட்டான். படி இறங்கும்போது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மூக்கையா அவனைக் கேலி செய்யவில்லை.

வேதமாணிக்கம் கதவைச் சாத்தினார்.

"மேடம், அவன் குடிச்சிருந்தான். இப்போ தெரிஞ்சுபோச்சு."

"ஆமா."

"தெரிஞ்சுமா பாப்பாவை அனுப்புறீங்க?"

உலகம்மை கிழங்குக் கட்டைப் பிரித்து இரண்டாகப் பங்கு வைத்தார். ஒரு பங்கை வேதமாணிக்கம் பக்கம் நகர்த்தினார்.

"அந்த வேன்ல மத்தவங்க பிள்ளைங்களை மட்டும்தான் ஏத்தணும்னு தீர்ப்புல இருந்துச்சா அண்ணாச்சி?"

மறுநாள் காலையில் வேதமாணிக்கம் யாரும் கூப்பிடாமலே சீனியர் வீட்டு வாசலில் போய் நின்றார். சாரல் தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். உலகம்மை அவளுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, இவ்வளவு வெள்ளன?"

"சும்மாதான் மேடம்."

மஞ்சள் வேன் தெருமுனையில் திரும்பியது. மெதுவாக வந்தது. பின்னால் வந்த பைக்காரன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனான். வாசலுக்கு வந்ததும் கொம்பையா எஞ்சினை அணைத்தான். காக்கிச் சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தான். உள்ளே பிள்ளைகள் ஏதோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

அவன் இறங்கினான். உலகம்மையைக் கும்பிட்டான். பிறகு நேராக வேதமாணிக்கத்திடம் வந்தான்.

அவர் முகத்துக்கு எதிரே நின்று, வாயைத் திறந்து, மூச்சு தீரும் வரை ஊதினான்.

பல்பொடி வாசம் அடித்தது.

வேதமாணிக்கம் சாரலைத் தூக்கி, ஓட்டுநருக்கு நேர் பின் சீட்டில் உட்கார வைத்தார்.