ஓட்டை விழாத மரம்

ஒரு காலத்தில், மழை வந்தால் வரும், வராவிட்டால் இல்லை என்று ஆகிப்போன ஒரு மலை இருந்தது. அதன் உச்சியில் ஒரே ஒரு சுனை. கிழக்குச் சரிவு மிருகங்களுக்கும் மேற்குச் சரிவு மிருகங்களுக்கும் கோடையில் அதை விட்டால் பக்கத்தில் வேறு தண்ணீர் கிடையாது. இரண்டு கூட்டமும் குடித்தால் சுனை பத்தே நாளில் வற்றிவிடும். ஒரு கூட்டம் மட்டும் குடித்தால் மழை வரும் வரை தாங்கும்.

முன்பெல்லாம் இதற்காகக் கொம்பும் பல்லுமாக அடித்துக்கொண்டார்கள். கடைசியில் இரு பக்கத்துப் பெரிய தலைகளும் கூடி உட்கார்ந்து, இனிமேல் சண்டை வேண்டாம், ஆட்டம் வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். மலைக்கு நாகரிகம் வந்துவிட்டதாக எல்லோருக்கும் சந்தோஷம். தோற்றவர்களுக்கு மட்டும் வெயில் பழைய வெயிலாகவே இருந்தது.

ஆட்டம் இதுதான். சுனைக்குப் பக்கத்தில் ஒரு பாறைத்திட்டு. மூன்று பக்கமும் சுவர் வைத்த மாதிரி பெரிய பாறைகள். தெற்கு ஓரம் மட்டும் அகலமாகத் திறந்து கிடக்கும். அங்கே வரிசையாக நட்ட கற்கள்தான் எல்லை. பங்குனியில் ஒரு நாள் காலையில் ஒவ்வொரு பக்கமும் முப்பது விளாங்காய் அடிக்க வேண்டும். காலோ கொம்போ, எது இருக்கிறதோ அதால் அடிக்கலாம். எதிர்ப்பக்கத்து ஆட்கள் திட்டில் நின்று காயைப் பிடித்துத் தடுப்பார்கள். யார் அடித்த காய் அதிகமாக எல்லைக் கல்லைத் தாண்டுகிறதோ அவர்களுக்குச் சுனை. சமமாக முடிந்தால் போன வருடம் குடித்தவர்களே இந்த வருடமும் குடிப்பார்கள்.

தோற்ற கூட்டம் மலையிறங்கி ஆற்றுக்குப் போக வேண்டும். நிழலே இல்லாத பாறையில் இரண்டு நாள் நடை. பெரியவர்கள் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். பால்குடிக் குட்டிகளில் பாதிக்கு மேல் போய்ச் சேராது. அதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

கிழக்குச் சரிவின் தலைவி ஒரு கடமான். அவளுடைய முதல் குட்டி நான்கு வருடத்துக்கு முன்னால் அந்த ஆற்றுப் பாதையில்தான் போயிற்று. அதற்கு அடுத்த வருடம் அவள் தலைவியானாள். அன்று முதல் மூன்று கோடையும் கிழக்குக்கே சுனை. இந்தத் தை மாதம் அவளுக்கு இரண்டாவது குட்டி பிறந்திருந்தது. கால் இன்னும் தள்ளாடிக்கொண்டிருந்தது. ஆட்டம் தோற்றால் இந்தக் குட்டி ஆற்றைப் பார்க்காது என்பது அவளுக்குத் தெரியும். வேறு எதை நினைத்தாலும் நினைப்பு அங்கேயே வந்து நின்றது.

கிழக்குப் பக்கத்துக்காகத் தெற்கு ஓரத்தைக் காத்தது நரையன் என்ற கிழக் குரங்கு. தலை முழுக்க வெளுத்து, ஒரு முழங்கால் வீங்கி, கண்ணில் எப்போதும் நீர் வடிந்துகொண்டிருக்கும். எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். காய் வரும். பிடிப்பார். மறுபடி உட்காருவார். கிழவருக்குக் கைராசி என்று எல்லோரும் சொன்னார்கள்.

யார் எவ்வளவு உழைக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிற வேலை மரங்கொத்திக்கு. இரண்டு பக்கமும் பறந்து போய்ப் பார்ப்பான். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு மரம் உண்டு. பயிற்சியிலோ ஆட்டத்திலோ ஒருவர் ஓடித் தாவிக் காயைப் பிடித்தால் அவர் மரத்தில் ஓர் ஓட்டை போடுவான். ஓடித் தாவித் தவறவிட்டாலும் ஓர் ஓட்டை. முயற்சிக்கு மரியாதை வேண்டாமா? நின்ற இடத்தில் பிடித்தால் மட்டும் ஒன்றும் கிடையாது. காய் தானாக வந்து கையில் விழுந்ததற்கு மரத்தைக் கொத்துவானேன் என்பது அவன் நியாயம். அந்த நியாயத்தில் யாருக்கும் குறை தெரியவில்லை.

மாசி முடிவதற்குள் இரு தலைவர்களும் ஒத்துக்கொண்டால் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வழக்கம் இருந்தது. மாறியவர் அன்று முதல் அந்தப் பக்கத்து ஆள். குடிப்பதும் அவர்களோடுதான், காய்வதும் அவர்களோடுதான்.

மாசிக் கடைசியில் மேற்குச் சரிவின் தலைவர் முள்ளம்பன்றி கடமானைத் தேடி வந்தார்.

"தங்கச்சி, சுத்தி வளைக்காமக் கேக்குறேன். நரையனை எங்களுக்குக் குடு. பதிலுக்கு விசுக்கனைக் கூட்டிக்கோ."

கடமானுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. விசுக்கன் என்றால் மேற்கின் இளங்குரங்கு. போன வருடம்தான் முதல்முறை ஆட்டத்தில் இறங்கினான். நடுவில் நிறுத்தியிருந்தார்கள். அப்படியும் அவன் ஓட்டத்தைப் பற்றிக் கிழக்கில் ஒரு வருடமாகப் பேச்சு.

"விளையாடறீங்களா அண்ணே? அவனைக் குடுத்துட்டு இந்தப் பெரியவரை வெச்சு என்ன செய்வீங்க?"

"எங்க பக்கம் பூரா சின்னப் பசங்க. வயசானவர் ஒருத்தர் இருந்தா அடக்கிவெக்க ஆகும்," என்றார் முள்ளம்பன்றி. சொல்லும்போது அவர் முகம் முள்ளுக்குள் இருந்தது.

அவர் போனதும் மரங்கொத்தி கிளையிலிருந்து இறங்கி வந்தான். "யோசிக்கவே யோசிக்காதீங்கக்கா. வந்து கண்ணால பாருங்க."

இரண்டு மரங்களையும் காட்டினான். நரையனின் மரம் பாலை. மூன்று வருடத்துக்கும் சேர்த்து அதில் ஒன்பது ஓட்டை. விசுக்கனின் மரம் சல்லடையாக இருந்தது. பட்டைக்கே இடமில்லை.

"ராசியை நம்பி எத்தனை நாள் ஓட்டுவீங்க? போன ஆட்டத்துல கடைசிக் காயைப் பிடிச்சுட்டு எந்திரிக்க முடியாம ரெண்டு பேர் தூக்கிவிட்டாங்களே, பாக்கலையா? விசுக்கனை நடுவுல நிறுத்தி வீணாக்குறாங்கக்கா. ஓரத்துல விட்டா ஒரு காய் தாண்டாது."

அன்றே மறைந்திருந்து விசுக்கனின் பயிற்சியையும் பார்த்தாள். காய் கிளம்பியதும் கிளம்பினான். இருபது முழம் ஓடி, அந்தரத்தில் கரணம் போட்டு, விரல் நுனியில் பிடித்து, பாறையில் உருண்டு எழுந்தான். தோள் சிராய்ந்து ரத்தம் வந்தது. அதைத் துடைக்காமல் அடுத்த காய்க்கு நின்றான். இவன் ஒருவன் போதும் என்று கடமானுக்குத் தோன்றிவிட்டது.

இருந்தாலும் மனது கேட்கவில்லை. நேராக நரையனிடம் போனாள். கூடவே வந்த குட்டி, கிழவரின் வாலை வாயில் கவ்விச் சப்ப ஆரம்பித்தது. அவர் விட்டுவிட்டார்.

"மாமா, கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஏன் ஓடவே மாட்டேங்கிறீங்க?"

நரையன் யோசித்துப் பார்த்தார். "ஓடற அளவுக்கு வேலை வரலையே தாயி."

அவளுக்குச் சுருக்கென்று வந்தது. என் குட்டியின் உயிர் ஊசலாடுகிறது, இவருக்கு வேலை வரவில்லையாம். இந்த வயதில் இவ்வளவு மெத்தனமா என்று உள்ளுக்குள் பொருமினாள்.

"மேற்கு உங்களைக் கேக்குது," என்றாள்.

"அப்படியா?" குட்டியின் வாயிலிருந்து வாலை மெதுவாக எடுத்துக்கொண்டார். "நீ போகச் சொன்னா போறேன். நான் உன்னைக் கெஞ்சப் போறதில்லை. ஆனா ஒண்ணு. எந்தப் பக்கத்துக்கு நிக்கிறனோ அந்தப் பக்கத்துக்குத்தான் பிடிப்பேன். பழக்கத்துக்காக ஒரு காயைக்கூடக் கீழ போட மாட்டேன். அதைத் தெரிஞ்சுக்கிட்டு அனுப்பு."

"அதை நான் கேக்கவே இல்லை மாமா."

"நீ கேக்க மாட்ட. நான்தான் சொல்லிவெக்கிறேன்."

மறுநாள் காலை அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேற்கே ஏறிப் போனார். அவளும் குட்டியும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் அழவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் விசுக்கன் வந்து சேர்ந்து, "அக்கா, உசுரைக் குடுத்து ஓடுவேன்," என்றபோது அழுகை நின்றுவிட்டது.

ஆட்ட நாள் வந்தது. முதலில் மேற்கு அடித்தது. தெற்கு ஓரத்தில் விசுக்கன்.

அவன் சொன்னபடியே உயிரைக் கொடுத்து ஓடினான். இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பறந்தான். பதினொரு காயைப் பிடித்தான். அதில் ஏழு, கண்ணை நம்ப முடியாத பிடி. கிழக்குக் கூட்டம் தொண்டை கிழியக் கத்தியது. மரங்கொத்திக்கு ஓட்டை போட்டுப் போட்டு அலகு வலித்தது. ஏழு காய் எல்லையைத் தாண்டிற்று. இரண்டு, தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் போனவை. மற்ற ஐந்துக்கும் விசுக்கனின் கை நீண்டிருந்தது. ஐந்திலும் ஒரு விரல்கடை குறைந்தது.

"அஞ்சும் மயிரிழை அக்கா, மயிரிழை," என்றான் மரங்கொத்தி. "வேற யாரா இருந்தாலும் பக்கத்துலகூடப் போயிருக்க முடியாது."

பிறகு கிழக்கு அடித்தது. மூன்று வருடமாகக் கடமான் நரையனின் முதுகைத்தான் பார்த்திருந்தாள். இன்றுதான் எதிரே நின்று முகத்தைப் பார்க்கிறாள்.

காட்டெருமை முட்டிய ஆறு காய்கள் மரங்களுக்கு மேலே பறந்து எல்லையைத் தாண்டின. அவற்றை யாரும் பிடித்திருக்க முடியாது. மற்றவை எல்லாம் நரையனின் கைக்குப் போயின. காட்டுப்பன்றி இடது பக்கம் அடித்தது. கிழவர் இடது பக்கம் இருந்தார். முயல் வலது கோடிக்கு உதைத்தது. கிழவர் வலது கோடியில் இருந்தார். அவர் எப்போது அங்கே போனார் என்று யாரும் பார்க்கவில்லை. கூட்டம் கத்தவில்லை. கத்துவதற்கு அங்கே எதுவும் நடக்கவில்லை.

முப்பதாவது காய் கடமானுடையது. ஆறுக்கு ஏழு. இன்னும் ஒன்று தாண்டினால் சமம். சமமானால் சுனை கிழக்குக்கு. குட்டி பாறை இடுக்கிலிருந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வலது கோடி காலியாகக் கிடந்தது. அவள் நேரே பார்த்தபடி நின்றாள். கண்ணை அசைக்கவில்லை, உடம்பைத் திருப்பவில்லை. அப்போது நரையன் எழுந்து, நொண்டிக்கொண்டு, வலது கோடியை நோக்கி நான்கு அடி நடந்தார். அவளுடைய கால் அதற்குள் காய்க்கு இறங்கிவிட்டது. நிறுத்த முடியவில்லை. பலமாக, அழகாக, நினைத்த இடத்துக்கே அடித்தாள்.

நரையன் கையைக்கூட உயர்த்தவில்லை. நெஞ்சோடு வாங்கிக்கொண்டார்.

மேற்குச் சரிவு கூத்தாடிக்கொண்டிருந்தபோது அவள் எல்லைக் கல் வரை நடந்து போனாள். கிழவர் காயை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"எப்படி மாமா தெரிஞ்சுது?"

"உன் காது தாயி. எங்க அடிக்கப் போறியோ அங்க அது முன்னாடியே திரும்பிடும். காட்டுப்பன்னிக்கு வாலு. முயலுக்கு மீசை. ஆளுக்கு ஒண்ணு இருக்கு."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நான் ஏன் ஓடலைன்னுதான் நீ கேட்ட."

முள்ளம்பன்றி கொஞ்சம் தள்ளி நின்று, இப்போது முகத்தை வெளியே வைத்துக்கொண்டு சொன்னார். "மூணு வருஷம் தோத்தோம் தங்கச்சி. தோத்தவங்களுக்கு அவரையே பாத்துக்கிட்டு நிக்கிறதை விட்டா வேற வேலை இல்லை. ஜெயிச்சவங்க நீங்க எங்க பாப்பீங்க?"

நரையன், அம்மாவின் பின்னாலேயே வந்திருந்த குட்டியின் நெற்றியை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். சுனையில் குடிப்பவர் தோற்றவருக்கு ஒரு வாய் கொடுத்தாலும் ஆட்டம் செல்லாது, மறுபடி கொம்பும் பல்லும்தான் என்பது சட்டம். அதை மாற்ற அவரால் முடியாது. அன்று அவர் சுனைப் பக்கம் போகவே இல்லை என்று பின்னால் சொன்னார்கள். அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

கிழக்குச் சரிவு மறுநாள் விடியலில் மலையிறங்கியது. முதல் நாள் குட்டி நடந்தது. இரண்டாம் நாள் காலையில் விழுந்து விழுந்து எழுந்தது. உச்சிவெயிலில், ஒரு பட்ட மரத்தைத் தவிர எதுவும் இல்லாத பாறையில், படுத்துவிட்டது. கடமான் அதன் மேல் தன் நிழல் விழும்படி நின்றுகொண்டாள். மடி வற்றிப்போயிருந்தது. நக்கிக் கொடுக்க நாக்கிலும் ஈரமில்லை.

விசுக்கனின் தோள் இன்னும் ஆறவில்லை. அவன் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துப் பேசினான்.

"அக்கா, நான் ஓடிப் போயிட்டு வந்துடுறேன்."

வழியில் கிடந்த காலி விளாங்காய் ஓடு ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினான். ஆற்றுக்கு அங்கிருந்து அரை நாள் நடை. போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை என்று சொல்லும்படி ஓடினான். உள்ளங்கால் தோல் உரிந்து பாறையில் ஒட்டிக்கொண்டு வர, ஓட்டை இரு கையாலும் ஏந்திக்கொண்டு திரும்பி வந்தான். அந்த மலையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு ஓட்டம் ஓடியவர் இல்லை. ஓடு நிறையத் தண்ணீர் இருந்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

கடமான் நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுடைய நிழலும் குட்டியின் மேலேயே இருந்தது. சற்று முன்தான் அதன் காது கடைசியாக ஒருமுறை ஆற்றுப் பக்கம் திரும்பி, அப்படியே நின்றுபோயிருந்தது.

விசுக்கன் ஓட்டைத் தரையில் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டான். கூட்டத்தில் யாரும் அசையவில்லை.

மரங்கொத்தி பறந்து போய், அந்தப் பட்ட மரத்தில் உட்கார்ந்து, விசுக்கனுக்கு ஓர் ஓட்டை போட்டான்.